பின்சக்கரத்தில் தொடங்கும் ஸ்டீயரிங்

திருமலைக்கு இரண்டு மலைப்பாதைகள் உண்டு. 1944இல் திறந்த பழைய பாதையில் இன்று வண்டிகள் இறங்க மட்டும் செய்கின்றன. 1974இல் வந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கு. பழைய பாதையின் நீளம் ஏறத்தாழ 19 கி.மீ.; அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள் என்பது வழக்கமான கணக்கு. இறங்கும் வண்டி 40 நிமிடத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தேவஸ்தானம் வைத்த விதி. அதற்கு முன்னால் மலையடிவாரத்து அலிபிரிக்கு வந்து சேர்ந்தால் வேகமாக ஓட்டியதாகவே கணக்கு. வகுத்துப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு 28 கி.மீ.தான். அலிபிரியைத் தாண்டி, ஊரைக் கடந்து, சந்திரகிரி வழியாகச் சித்தூர் நோக்கித் திரும்பியதும் அதே வண்டி, அதே ஆட்கள், அதே லட்டுப் பைகளுடன் 100 கி.மீ. வேகத்தைத் தொடுகிறது. நான்கு வழிச் சாலையில் காருக்கு 2018இல் நிர்ணயிக்கப்பட்ட உச்ச வேகமும் அதுதான். பெரிய எஸ்.யு.வி. வைத்திருப்பவர்களின் புகார் பிறப்பது இந்த இரண்டாவது சாலையில்தான்: ஸ்டீயரிங் ரொம்ப ஷார்ப், தொட்டாலே வண்டி ஓடுகிறது, நேராகப் பிடிக்க முடியவில்லை. மலையில் ஒரு குறையும் சொல்லாத அதே கைகள் சமவெளியில் ஏன் புலம்புகின்றன என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. புகார் பெரும்பாலும் உண்மையானது. ஆனால் கோளாறு ஸ்டீயரிங்கில் இருப்பது அரிது என்பது என் வாதம். அதைச் சரிசெய்யக் கிளம்புகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் வண்டியின் பின்பக்கம்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 2.74 மீட்டர் உள்ள ஒரு வண்டி. டாடா ஹாரியரின் அளவு ஏறத்தாழ இதுதான். ஸ்டீயரிங் விகிதம் 16 என்று வைத்துக்கொள்வோம்: வளையத்தை 16 பாகை திருப்பினால் முன்சக்கரம் 1 பாகை திரும்பும். மலைச்சாலைகளுக்கான இந்திய விதிகள் கொண்டை ஊசி வளைவின் உள்வட்ட ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது, வடிவமைப்பு வேகம் 20 கி.மீ. என்கின்றன. அந்த வேகத்தில் வண்டியின் நடுப்பகுதி 16 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது எனக் கொண்டால் ஓட்டுநர் வளையத்தை ஏறத்தாழ 160 பாகை சுழற்ற வேண்டும். இனி 100 கி.மீ. வேகத்துக்கு அமைக்கப்பட்ட சமவெளி வளைவு. அதன் குறைந்தபட்ச ஆரம் 360 மீட்டர். அங்கே வளையம் திரும்ப வேண்டியது சுமார் 14 பாகை. இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. முதல் வளைவில் உள்ளே இருப்பவர்களைப் பக்கவாட்டில் தள்ளும் முடுக்கம் நொடிக்கு நொடி 1.9 மீட்டர், இரண்டாவதில் 2.1 மீட்டர். உடம்புக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கைக்கு மட்டும் 11 மடங்கு வித்தியாசம். மலையில் ஒரு மணி நேரம் வளையத்தை அரைச்சுற்று அரைச்சுற்றாகச் சுழற்றிப் பழகிய தோள், அடுத்த அரை மணி நேரத்தில் சுட்டுவிரல் அளவுக்குச் சுருங்க வேண்டியிருக்கிறது.

இது எந்தத் தொழிற்சாலையின் தவறும் அல்ல, வேகத்தின் இயல்பு. டயர் சற்றும் வழுக்காத கற்பனை வண்டியில், வளையத்தின் ஒரு பாகைக்குக் கிடைக்கும் பக்கவாட்டு முடுக்கம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 20 கி.மீ.யிலிருந்து 100 கி.மீ.க்குப் போனால் வேகம் 5 மடங்கு, கூர்மை 25 மடங்கு. நிஜ வண்டியில் அது ஏறத்தாழ 13 மடங்காகக் குறைகிறது. பாதியை விழுங்கிய அந்தப் பொருள் எது என்று தெரிந்துகொண்டால் பிரச்சினையின் முக்கால் பங்கு தெரிந்துவிடும். ரப்பர் டயர் தான் பார்க்கும் திசையில் அப்படியே போவதில்லை. பக்கவாட்டு விசை வரும்போது தரையைத் தொடும் பகுதி சற்று முறுக்கிக்கொள்ள, சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் விழுகிறது. இதை நழுவு கோணம் என்போம். முன்டயர்கள் பின்டயர்களைவிடச் சற்றுக் கூடுதலாக நழுவினால் வண்டி ஓட்டுநர் கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாகத் திரும்பும். இதுதான் அண்டர்ஸ்டியர். உயரமான வண்டி சட்டென்று வெட்டித் திரும்பினால் கவிழும் ஆபத்து இருப்பதால், எஸ்.யு.வி. வடிவமைப்பாளர்கள் இந்த மந்தத்தை வேண்டுமென்றே வைக்கிறார்கள். நம் எடுத்துக்காட்டு வளைவில் முன்டயரின் நழுவல் பின்டயரைவிட எவ்வளவு அதிகம்? வெறும் 0.44 பாகை. டயர் முற்றிலும் நழுவாவிட்டால் வளையத்துக்கு 7 பாகை போதும்; அந்த அரைப் பாகைக்கும் குறைவான வித்தியாசத்தை ஈடுகட்ட இன்னொரு 7 பாகை. வண்டியின் அமைதி முழுவதும் இந்த 0.44 பாகையில் தொங்குகிறது.

இப்போது யாத்திரை வண்டியைப் பாருங்கள். ஏழு இருக்கையும் நிறைந்திருக்கிறது. மூன்றாம் வரிசை பின்சக்கர அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பின்னால் டிக்கியில் பெட்டிகள், மேலே கேரியரில் மூட்டைகள். கூடிய எடையில் பெரும்பங்கு பின்டயர்களின் தலையில். டயரின் பக்கவாட்டு விறைப்பு எடை கூடக் கூட உயரும். ஆனால் எடை ஏறிய அளவுக்கு உயராது. ஆகவே பின்டயரின் நழுவு கோணம் வளர்கிறது, முன்னுக்கும் பின்னுக்குமான வித்தியாசம் சுருங்குகிறது. அது 0.44இலிருந்து 0.22க்கு இறங்கினால், அதே வளைவுக்கு 14 பாகைக்குப் பதில் 10.5 பாகை போதும். அதாவது, வளையத்தின் ஒவ்வொரு பாகைக்கும் வண்டி மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் திரும்புகிறது. ஸ்டீயரிங்கில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. அலுவலகத்துக்குத் தனியாக ஓட்டிப் போகும்போது சாதுவாக இருந்த வண்டி, குடும்பத்தோடு திருப்பதிக்குக் கிளம்பியதும் துள்ளுவதற்கு இது போதுமான காரணம். இதற்கான மருந்தை வண்டி செய்தவர்கள் ஓட்டுநர் கதவைத் திறந்தாலே கண்ணில் படும்படி ஒட்டி வைத்திருக்கிறார்கள். டயர் காற்றழுத்தச் சீட்டில் பல வண்டிகளுக்கு இரண்டு வரிசை உண்டு: குறைந்த எடைக்கு ஒன்று, முழு எடைக்கு ஒன்று. முழு எடை வரிசையில் பின்டயருக்குச் சொல்லும் அளவு கூடுதலாக இருக்கும். எடை ஏறிய டயர் கூடுதல் காற்றால் தன் விறைப்பை மீட்டுக்கொள்கிறது; தொலைந்த மந்தத்தில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. நாலு டயருக்கும் ஒரே அளவு காற்று என்பது பெட்ரோல் பங்க் வசதிக்காக வந்த பழக்கம், அவ்வளவுதான்.

இங்கே ஒரு நாட்டு வைத்தியமும் புழக்கத்தில் இருக்கிறது: முன்டயரில் காற்றைக் குறைத்தால் ஷார்ப் போய்விடும். போகும்தான். முன்டயரின் விறைப்பு குறைந்தால் அண்டர்ஸ்டியர் கூடும்; கணக்கு அதை மறுக்காது. கணக்கில் வராதது வெப்பம். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் வளைகிறது; வளைந்த ரப்பர் சூடாகிறது. கோடையில் 40 பாகையைத் தாண்டும் ராயலசீமை வெயிலில், நிறைந்த எடையோடு, 100 கி.மீ. வேகத்தில் இதைச் செய்வது சூதாட்டம். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்.யு.வி.க்கு நிறுவனம் பரிந்துரைத்த காற்றழுத்தம் 26 பி.எஸ்.ஐ.; டயர் செய்த ஃபயர்ஸ்டோன் பிறகு அது 30 ஆக இருக்க வேண்டும் என்றது. வெயில் மிகுந்த மாநிலங்களில் ஓட்டத்தின் நடுவே டயரின் மேல்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ, 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. டயரின் தயாரிப்பிலும் குறை இருந்தது. குறைந்த காற்றும் வெயிலும் எடையும் அதன்மேல் சேர்ந்துகொண்டன. கூர்மையைக் குறைக்கத் தவறான முனையைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

காற்று சரியாக இருந்தும் புகார் தொடர்ந்தால், அடுத்தது சக்கரங்களின் கோணம். முன்சக்கரங்கள் இரண்டும் ஓட்டத்தின்போது மிகச் சிறிதளவு உள்நோக்கிப் பார்ப்பது டோ-இன். வெளிநோக்கிப் பார்ப்பது டோ-அவுட். டோ-அவுட் வண்டியில், நேர்ப்பாதையிலிருந்து சிறிது விலகியதும் திரும்பும் பக்கத்துச் சக்கரம் தன் பக்கம் இழுக்கத் தொடங்கிவிடும்; வண்டி நடுவில் நிற்கவே விரும்பாது. ஆழமான ஒரு குழி, பிளாட்பாரத்தில் ஒரு மோதல், தேய்ந்த டை ராட் எண்ட், நைந்த லோயர் ஆர்ம் புஷ் ஆகிய எதுவும் இந்தக் கோணத்தைக் கெடுக்கப் போதும். புஷ் நைந்திருந்தால் இன்னொரு சிக்கல்: அலைன்மென்ட் கடையில் நிற்கும்போது எண்கள் சரியாக இருக்கும், பிரேக்கும் வளைவும் சேரும்போது சக்கரம் தானாக வேறு கோணத்துக்குப் போகும். ஆகவே புஷ்ஷையும் பால் ஜாயின்டையும் பார்க்காமல் அலைன்மென்ட் மட்டும் செய்வது பாதி வேலை. பின்சக்கரங்களின் கோணத்தையும் அளக்க வேண்டும். பின்புறம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் அதுவும் மாறக்கூடியது, ஆனால் முன்பக்கத்தை மட்டும் சரிசெய்து அனுப்பும் கடைகள் உண்டு. காஸ்டர் கோணம் இன்னொன்று. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போன்ற அமைப்பு இது. கையை விட்டால் வளையம் தானே நடுவுக்குத் திரும்புவது பெரிதும் இதனால்தான். பல வண்டிகளில் அதைத் திருகி மாற்ற வழியில்லை. அளவு தவறியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். அழகுக்காகப் பெரிய அலாய் சக்கரமும் பக்கச் சுவர் குட்டையான டயரும் மாட்டியவர்கள் வேறு யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை: குட்டைச் சுவர் விறைப்பானது, கையின் சிறு அசைவையும் தாமதமின்றித் தரைக்குக் கடத்தும்.

இவ்வளவையும் கேட்டபின் ஒருவர் நியாயமாக மறுக்கலாம்: ‘அப்படியானால் நிறுவனங்கள் ஏன் ஸ்டீயரிங்கையே மாற்றுகின்றன?’ 2019 ஜனவரியில் வந்த ஹாரியரில் இருந்தது ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். வேகத்தில் அது அமைதியற்று இருக்கிறது என்ற விமர்சனம் தொடர்ந்து எழுந்தது; 2023 அக்டோபரில் வந்த புதுப்பிப்பில் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் இடம்பிடித்தது. இது என் வாதத்தை முறியடிக்கும் சான்று போலத் தோன்றும். ஆனால் என்ன மாறியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கின் கூர்மை என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. எவ்வளவு திருப்பினால் வண்டி எவ்வளவு திரும்புகிறது என்பது ஒன்று. அவ்வளவு திருப்ப எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது மற்றொன்று. வளையத்துக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய முறுக்குத் தண்டு ஒன்று இருக்கிறது. ஓட்டுநர் கொடுக்கும் அழுத்தத்தில் அது சற்று முறுகும். ஹைட்ராலிக் அமைப்பில் அந்த முறுக்கம் ஒரு வால்வைத் திறந்து, எஞ்சின் சுழற்றும் பம்ப்பின் எண்ணெயைப் பிஸ்டனுக்கு அனுப்புகிறது. எலெக்ட்ரிக் அமைப்பில் அதே முறுக்கத்தை ஒரு சென்சார் அளக்க, மோட்டார் உதவுகிறது. எவ்வளவு உதவ வேண்டும் என்பதை வேகத்தைப் பார்த்துக் கணினி முடிவு செய்கிறது. பார்க்கிங்கில் விரலால் திருப்பும் அளவுக்கு லேசு, நெடுஞ்சாலையில் கனம் என்று இரண்டையும் ஒரே வண்டிக்குத் தருவது அங்கே எளிது. சாதாரண ஹைட்ராலிக்கில் இந்தச் சமரசம் கடினம். வேகத்துக்கேற்ப எண்ணெய் ஓட்டத்தை மாற்றும் ஹைட்ராலிக் அமைப்புகளும் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

ஆக, மாறியது கனம். கனக் குறைவு ஏன் கூர்மையாக உணரப்படுகிறது? ஒரு பாகைக் கணக்குக்கு வருவோம். நம் வண்டியில் 100 கி.மீ. வேகத்தில் வளையம் 1 பாகை தவறினால் ஒரு நொடியில் வண்டி 8 செ.மீ. நகரும், இரண்டு நொடியில் 30 செ.மீ. அந்த ஒரு பாகை வேண்டுமென்று திருப்பியது அல்ல. சாலையின் ஒட்டுப்போட்ட இடத்தில் உடம்பு குலுங்கியதில், தண்ணீர் பாட்டிலுக்கு இடது கை நீண்டதில், தோளின் எடை வளையத்தில் விழுந்ததில் வந்தது. வளையம் கனமாக இருந்தால் இந்தத் தற்செயல் விசை அதை அரைப் பாகைகூட அசைக்காது. லேசாக இருந்தால் அசைத்துவிடும். இதற்குச் சரித்திரத்தில் ஓர் அழகான சோதனை இருக்கிறது. 1970இல் வந்த சித்ரோன் எஸ்.எம். காரில் வளையம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டே சுற்று. நம் எஸ்.யு.வி.களைவிட மிகக் கூர்மையான விகிதம் அது. ஆயினும் வேகம் ஏற ஏற ஹைட்ராலிக் அழுத்தமே வளையத்தை நடுவில் இழுத்துப் பிடித்ததால், நெடுந்தூரப் பயணத்துக்கு அந்தக் கார் பெயர் பெற்றது. கோணத்தின் கூர்மையைக் கனத்தால் அடக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் கனம் உணர்வைத்தான் மாற்றுகிறது, 0.44 பாகையை மாற்றுவதில்லை. பின்டயரில் காற்று குறைந்த, மூட்டை நிறைந்த வண்டியில் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் பொருத்தினால் கை அமைதியடையும். ஆனால் ஒரு நாய் குறுக்கே வர, சட்டென்று ஒடிக்கும்போது வண்டியின் பின்பகுதி முன்பு எப்படி நடந்துகொண்டதோ அப்படியே நடந்துகொள்ளும்.

இன்னொரு மறுப்பு அனுபவசாலிகளிடமிருந்து வரும்: ‘பழகிவிட்டால் சரியாகிவிடும், இத்தனை ஓட்டுநர்கள் ஓட்டவில்லையா?’ பழக்கம் பெரிய சக்திதான். மனித மூளை தான் ஓட்டும் பொருளின் குணத்தைச் சில மணி நேரத்தில் கற்றுக்கொள்கிறது. ஆனால் ஒன்றைப் பழக்கத்தால் மாற்ற முடியாது: கண் பார்த்ததற்கும் கை அசைவதற்கும் இடையிலான தாமதம். கூர்மை அதிகமுள்ள கருவியும் தாமதமுள்ள மனிதனும் ஒரே வளையத்தில் சேரும்போது, திருத்தம் எப்போதும் கொஞ்சம் பிந்தியும் கொஞ்சம் மிகையாகவும் போய்ச் சேர்கிறது. அதைத் திருத்த எதிர்த்திருத்தம். வண்டி பாம்பாக நெளியத் தொடங்கும். விமானவியலில் இது உயிர்களோடு விளையாடிய பிரச்சினை. சுவீடனின் கிரிப்பென் போர் விமானம் 1989இலும் 1993இலும், அமெரிக்காவின் ஒய்.எஃப்-22 1992 ஏப்ரலிலும் இவ்வகை அலைவில் சிக்கித் தரையில் மோதின. ஓட்டியவர்கள் அனைவரும் தேர்ந்த சோதனை விமானிகள். அவர்களைப் பழகச் சொல்லவில்லை; கட்டுப்பாட்டு மென்பொருளைத்தான் மாற்றினார்கள். நள்ளிரவில் வேலூரிலிருந்து புறப்பட்டு, தரிசனத்துக்கு வரிசையில் நின்று, தூக்கமில்லாமல் திரும்புகிற ஒருவரின் தாமதம் அந்த விமானிகளைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

விகிதத்தையே மந்தமாக்கினால் என்ன என்பது எஞ்சியிருக்கும் யோசனை. 16க்குப் பதில் 22 வைத்தால் நெடுஞ்சாலையில் நிம்மதிதான்; பழைய பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் 160 பாகை 220 ஆகும். 36 வளைவுகளிலும் கையை மாற்றி மாற்றிப் பிடித்தாக வேண்டும். நடுவில் மந்தமாகவும் ஓரங்களில் கூர்மையாகவும் பல் வெட்டிய ரேக் இதற்கு ஒரு வழி. ஆஸ்திரேலியப் பொறியாளர் ஆர்தர் பிஷப்பின் பெயர் அதோடு சேர்ந்தது. வேகத்துக்கேற்ப விகிதத்தையே மாற்றும் அமைப்பைப் பி.எம்.டபிள்யூ. 2003இல் தன் 5 சீரிஸ் காரில் கொண்டுவந்தது. இரண்டும் தொழிற்சாலையில் முடிவாக வேண்டியவை. கடையில் மாட்டிக்கொள்ளும் சரக்கு அல்ல. கடையில் கிடைப்பது ஸ்டீயரிங் டாம்ப்பர். அது வேகமான உதறலை உறிஞ்சும். மெதுவாக ஒரு பாகை விலகுவதைத் தடுக்காது. தேய்ந்த ஜாயின்டின் ஆட்டத்தை அது சில மாதங்களுக்கு மறைத்துவைக்கும் என்பதே அதன் மேல் எனக்குள்ள பெரிய குறை. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைக்கும் பழக்கமும் நம்மூரில் இன்னும் சாகவில்லை. ஹைட்ராலிக் வண்டியில் எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும். கூர்மை பற்றிப் புகார் சொன்ன அதே ஸ்டீயரிங் கொண்டை ஊசியில் இரும்பாகக் கனக்கும், பிரேக்கின் துணையும் சில மிதிகளில் தீர்ந்துபோகும்.

எனவே சோதனையின் வரிசை முக்கியம். ஒரே சாலையில், ஒரே வேகத்தில், வண்டியைக் காலியாக ஒரு முறையும் முழு எடையோடு ஒரு முறையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். எடையோடு மட்டும் புகார் வந்தால் கதவுச் சீட்டின் முழு எடை வரிசைப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது, காற்று பிடிக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளந்தால் எண் பொய் சொல்லும். மேலே கட்டிய மூட்டையில் கனமானவற்றை இரண்டாம் வரிசையின் கால்மாட்டுக்கு இறக்குவதும் செலவில்லாத திருத்தம். காலியாக ஓடும்போதும் புகார் இருந்தால் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், அதற்குப் பிறகு நாலு சக்கர அலைன்மென்ட். அளந்த எண்களை முன்னும் பின்னும் அச்சிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இத்தனைக்குப் பிறகும் வண்டி துள்ளினால் மட்டுமே ஸ்டீயரிங் பெட்டியையும், எலெக்ட்ரிக் என்றால் அதன் மென்பொருளையும் சர்வீஸ் சென்டரில் திறந்து பார்க்கச் சொல்வதில் நியாயம் உண்டு.